தெரிஞ்சதும் சொல்றேன்

மாலை நான்கு ஐம்பது. பள்ளி வேன் நான்கரைக்கே எங்கள் தெருமுனைக்கு வந்திருக்க வேண்டும். மதியம் பிடித்த மழை விடவில்லை. குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு டிரைவருக்குப் போன் போட்டேன். நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். கெடுத்தது மழை என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மாலையை எழுதுவதற்கு முன்னால் அந்த அம்மாளைப் பற்றி எழுத வேண்டும். என் மகள் படித்த பள்ளியின் முதல்வர். பெற்றோருக்கு மேடம், பிள்ளைகளுக்குப் பெரிய மிஸ். பெயரை எழுதப்போவதில்லை. என்னால் அந்தப் பெயர் ஒரு தடவை ஊரைச் சுற்றிவந்தது போதும். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சேமித்து வைக்காத எண்ணிலிருந்து போன் வந்தால், கடன் அட்டை விற்கிற பெண்ணாக இருந்தாலும், எடுக்கும்வரை அது அவராகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நாங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அயப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய வருடம் மகளை இரண்டாம் வகுப்பில் சேர்க்கப் பள்ளிக்கூடம் தேடினேன். நான் எதற்கும் பதறுகிறவன். கேள்விகளைப் போனில் குறித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு பள்ளியாக ஏறி இறங்கினேன். எல்லா இடத்திலும் நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்தது. திருமுல்லைவாயிலில் இருந்த இந்தப் பள்ளியில்தான் அந்த அம்மாள் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார், போனைக் கவிழ்த்துவைத்தார், முழுசாகக் கேட்டார்.

"பொண்ணு ரொம்பக் கூச்ச சுபாவம் மேடம். இங்க செட் ஆயிடுவாளா?"

ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் ஷெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தெரியல சார்" என்றார். "இன்னும் நான் அவளைப் பாக்கவே இல்லையே. தெரிஞ்சதும் சொல்றேன்."

திரும்பி வரும்போது வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி வழியெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பீஸ் வாங்குகிற இடத்தில் தெரியாது என்று சொல்கிற முதல் ஆள் என்றாள். வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அங்கே சேர்த்தோம்.

காலாண்டுத் தேர்வு முடிந்து ஒருநாள் சாயங்காலம் போன் வந்தது. அவர்தான். நான் கேட்ட கேள்வியை எனக்கே ஞாபகப்படுத்தினார். இப்போது தெரிந்துவிட்டது என்றார். வகுப்பில் சேர்ந்துகொண்டாள், ஆனால் மத்தியானம் சாப்பிடும்போது மட்டும் தூணோரமாகத் தனியாக உட்காருகிறாள், அதை என்ன செய்யலாம் என்று வகுப்பாசிரியையும் அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் செய்தி. நான் அந்தக் கேள்வியைக் கேட்டதையே மறந்திருந்தேன்.

அவரைப் பற்றிச் சொல்ல இருப்பது ஏறக்குறைய இது ஒன்றுதான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லமாட்டார். தெரியல என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதை விடவும் மாட்டார்.

ஆள் குள்ளம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதில் தேவைக்கு மேல் சேஃப்டி பின்கள். வெயிலோ மழையோ கையில் நீளமான கறுப்புக் குடை. அதை விரித்து நான் பார்த்தது குறைவு. எதையாவது சுட்டிக்காட்டத்தான் அதிகம் பயன்பட்டது. சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். பள்ளி விட்டதும் வாசலில் தள்ளுவண்டியில் மிளகாய்ப்பொடி தூவிய கொய்யாக்காய் வாங்கி, பிள்ளைகளோடு வரிசையில் நின்று தின்பார். முதல்வர் தெருவில் நின்று தின்னலாமா என்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டதற்கு, "காய் நல்லா இருக்கு சார், நீங்களும் வாங்க" என்று பதில் போட்டார்.

சனிக்கிழமை காலையில் சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே இன்னொரு நாற்காலி காலியாக இருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். அறைக்குள் கூப்பிட்டால் பாதி விஷயத்தைக் கதவுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பார்.

அங்கேதான் எங்கள் வட்டாரத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிற பாயை முதலில் பார்த்தேன். பூந்தமல்லிக்காரர். எல்லார் போனிலும் அவர் பெயர் கேன் பாய். அவருடைய பையனும் என் மகளும் ஒரே வகுப்பு, ஒரே வேன். அன்றைக்கு பாய் உட்காரவே இல்லை. வகுப்பில் ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போய், ஆசிரியை எல்லார் முன்னாலும் இவருடைய பையனின் பையை மட்டும் திறந்து காட்டச் சொல்லியிருக்கிறார்.

"எம்புள்ள இன்னா திருடனா மேடம்? அவன் பை மட்டும் இன்னா அவங்க கண்ணுக்குத் தனியா தெரிஞ்சிச்சா?"

மேடம் தெரியல என்றார். விசாரித்துவிட்டுத் திங்கட்கிழமை சொல்வதாகச் சொன்னார்.

"அதுகூடத் தெரியலன்னா அப்பறம் இன்னாத்துக்கு இந்த சேர்ல குந்திகினு கீறீங்க?"

சுற்றி நின்ற நாங்கள் எல்லாம் தரையைப் பார்த்தோம். அந்த அம்மாளின் தோள் குலுங்கியது. "இப்படி யாராவது வந்து சொல்லணும்னுதான் பாய்."

திங்கட்கிழமை அவர் பாயைப் பள்ளிக்குக் கூப்பிடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு பாயின் கேன் கிடங்குக்கே போனார். நீங்கள் சொன்னது நிஜம், பையைத் திறக்கச் சொன்னது தப்பு, அந்த ஆசிரியையே நாளைக்கு அதே வகுப்பில் உங்கள் பையனிடம் அதைச் சொல்வார் என்றார். ஆனால் ஆசிரியையை நான் எல்லார் முன்னாலும் திட்டமாட்டேன், அது உங்கள் பையனுக்கு நடந்ததை அவருக்கும் நடத்துவதாகிவிடும் என்றார். பாய் இதை எங்கள் வீட்டில் கேன் மாற்றும்போதெல்லாம் சொல்வார். ஒவ்வொரு தடவையும் கிடங்கு கொஞ்சம் பெரிதாகும், அந்த அம்மாள் வந்த வெயில் கொஞ்சம் கடுமையாகும். "டீ வேணுமான்னு கேட்டேன் சார். வேணாம், ஒரு கேன் தண்ணி எவ்ளோன்னு கேட்டாங்க. சொன்னேன். ஜாஸ்தி பாய்ன்னு சொல்ட்டுப் போய்ட்டாங்க" என்று முடிப்பார்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியை ஒருத்தி இருந்தாள். வேலைக்குப் புதுசு. அவளுடைய வகுப்பைப் பார்க்க ஒருநாள் மேடம் வந்து கடைசி பெஞ்சில் இரண்டு பையன்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாராம். பின்னம் நடத்திக்கொண்டிருந்தவள் பதற்றத்தில் நடுவில் சில படிகளை விட்டுவிட்டாள். பாதி வகுப்புக்கு ஒன்றும் புரியவில்லை. முடிந்ததும் திட்டு விழும் என்று காத்திருந்தாள். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, உங்களுக்கே பிடித்திருந்த இடம் எது என்று கேட்டாராம். பிறகு, பிள்ளைகள் எந்த இடத்தில் உங்களை விட்டுவிட்டுப் போனார்கள் என்று கேட்டாராம். இவள் பயந்துகொண்டே தெரியல மேடம் என்றிருக்கிறாள். "நல்லதாப் போச்சு. எனக்கும் தெரியல. வாங்க, சேந்து தேடலாம்" என்றாராம்.

கொஞ்ச நாள் போனதும் இவளுக்குத் தைரியம் வந்து ஒன்று சொன்னாள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து பேனாவை மூடி மூடித் திறக்கிறீர்கள், அந்தச் சத்தம் வந்தாலே எனக்குக் கணக்கு தப்பிப்போகிறது என்றாள். அதற்கப்புறம் யார் வகுப்புக்கும் அவர் பேனா எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் காரணத்தையும் சொன்னாராம், இவள் பெயரைச் சொல்லாமல்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவரோடு எனக்கு ஒரு சின்ன உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. பதறுகிறவனுக்குப் பதில் உடனே வேண்டும், சரியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மகள் ஏதோ ஒரு தேர்வுத்தாளை ஒளித்துவைத்த சமயம் அவரிடம் போய் நின்றேன். வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள், பள்ளியில்தான் என்னவோ நடக்கிறது என்றேன். எல்லாவற்றையும் சொல்கிறாள் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். அது வந்து மேடம் என்று இழுத்தேன். "தெரியலன்னு சொல்லலாம் சார், யாரும் காசு கேக்கமாட்டாங்க" என்றார். தோள் குலுங்கியது. நானும் சிரித்துவைத்தேன். வீடு வந்து சேரும்வரை அது உள்ளே குத்திக்கொண்டே வந்தது.

பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் அவர் தானாகவே சேர்ந்தார். பள்ளியின் தாளாளருக்கு அது பிடிக்கவில்லை என்று கேள்வி. முதல்வர் குழுவில் இருந்தால் அடி வாங்குவார் என்று சொன்னாராம். நான் இல்லாத இடத்தில் பேசுவதை என் முன்னாலேயே பேசட்டும் என்று இவர் பதில் சொன்னாராம். அவருடைய செய்திகள் சின்னதாக இருக்கும். சரி. தெரியல. நாளைக்குச் சொல்றேன். வணக்கம், ரோஜாப்பூ எதுவும் கிடையாது.

இப்போது அந்த மாலைக்கு வருகிறேன்.

டிரைவரின் போன் அணைந்திருக்கிறது என்று நான் குழுவில் போட்டதும் மற்றவர்களும் போட ஆரம்பித்தார்கள். எங்கள் தெருவுக்கும் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை, ஏரித் தண்ணீர் ரோட்டுக்கு வந்துவிட்டது, சுரங்கப்பாதையை மூடிவிட்டார்கள். யாரோ ஒருவர் எங்கேயோ கவிழ்ந்துகிடந்த ஒரு வேனின் படத்தைப் போட்டார். அது வேறு வருடம், வேறு ஊர் என்று பிறகு தெரிந்தது. என் மனைவி ஆவடியில் வங்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிடத்துக்கு ஒரு தடவை போன் போட்டாள். நான் மேடத்தைக் கூப்பிட்டேன். லைன் கிடைக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பள்ளி அலுவலகத்து எண் எந்நேரமும் வேறு அழைப்பில் இருந்தது. எங்களைப் போன்றவர்களின் அழைப்புகள்தான் அவை.

கடைசியில் குழுவில் அவருடைய செய்தி வந்தது.

"வேன் இன்னும் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்."

அதைப் படித்ததும் அத்தனை நாளாக உள்ளே இருந்த உறுத்தல் கோபமாக மேலே வந்தது. என் பிள்ளை தண்ணீரில் எங்கேயோ நிற்கிறாள், இந்த அம்மாள் அட்மிஷன் அறையில் சொன்ன அதே வாக்கியத்தைச் சொல்கிறார். நான் அந்தச் செய்தியைப் படமாக எடுத்தேன். மேலே அவருடைய பெயர் தெரிகிறபடி எடுத்தேன். கீழே, "நம் பிள்ளைகள் எங்கே என்று பிரின்சிபாலுக்கே தெரியவில்லையாம்" என்று எழுதினேன். குடியிருப்புக் குழுவுக்கு, நகர் நலச் சங்கக் குழுவுக்கு, அலுவலக நண்பர்களுக்கு அனுப்பினேன். பெற்றோர் குழுவிலும் அந்த வரியைப் போட்டேன், அவர் அங்கே இருக்கிறார் என்பது தெரிந்தே.

நிறையப் பேர் கைதட்டினார்கள். பாய் மட்டும் குரல் செய்தி போட்டார். பின்னால் மழைச் சத்தம்.

"சார், அந்தம்மா தெரியலன்னு சொன்னா தேடிகினு கீறாங்கன்னு அர்த்தம். சும்மா கெளப்பி உடாதீங்க."

உங்கள் பையனும் அதே வேனில்தானே இருக்கிறான், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று நான் எழுதினேன்.

"பயமாத்தான் கீது சார். அதான் அந்தம்மாவ நம்பிகினு கீறேன்."

அதற்கப்புறம் பாய் குழுவில் எதுவும் போடவில்லை. பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்தேன்.

நான் பைக்கை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போனேன். ஏற்கெனவே கூட்டம். அலுவலகத்துக் கிளார்க் அம்மா கேட்டுக்கு உள்ளே நின்று ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார்; யாரும் அவரைப் பேச விடவில்லை. எனக்கு முன்பின் தெரியாத ஒருவர் என் தோளைத் தட்டித் தன்னுடைய போனைக் காட்டினார். நான் எடுத்த படம். எனக்குத் தெரியாத யார் யாரோ கடந்து அது என்னிடமே திரும்பி வந்திருந்தது. பள்ளியின் பெயர்ப்பலகைப் படத்தையும் யாரோ சேர்த்திருந்தார்கள்.

"பாத்தியா நைனா, இன்னா பொறுப்புன்னு. இவங்கல்லாம் ஸ்கூல் நடத்தறாங்களாம்."

ஆமாம் என்று தலையாட்டினேன். இதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும்: அந்த நேரத்தில் எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்கார்ந்தது. பிள்ளையைக் காணாத பயத்துக்கு நடுவிலும், நான் எழுதிய வரி இத்தனை பேர் கையில் இருக்கிறதே என்று.

இருட்டத் தொடங்கியபோது பாயின் குட்டியானை வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. வழக்கமாகக் கேன்கள் நிற்கிற இடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் பிள்ளைகள். ஓரத்தில் அந்த அம்மாள், மடியில் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று. இடுப்புவரை சேறு. குடை கம்பி முறிந்து காக்காய் இறக்கை மாதிரி தொங்கியது. என் மகள் குதித்து ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கிக்கொண்ட பிறகும் நான் கூட்டத்தை விட்டு நகரவில்லை.

என்னைத் தட்டிய அதே ஆள் வண்டிக்குப் பக்கத்தில் போய்ப் போனை மேடத்தின் முகத்துக்கு நேரே நீட்டினார். தெரியலன்னு போட்டீர்களே, பதில் சொல்லுங்கள் என்றார். இன்னொருவர் வீடியோ எடுத்தார். அந்த அம்மாள் கண்ணாடியைப் புடவையில் துடைத்தார். புடவையே நனைந்திருந்ததால் ஈரம் போகவில்லை. அப்படியே படித்தார். தன்னுடைய வரியைப் படித்தார், கீழே என்னுடைய வரியையும் படித்தார். நிமிர்ந்தபோது அவருடைய பார்வை கூட்டத்தில் ஒரு சுற்றுப் போய் என்மேல் நின்றது போல இருந்தது. உண்மையிலேயே நின்றதா என்று என்னால் சொல்ல முடியாது.

"அப்போ தெரியல" என்றார். "மொதல்ல புள்ளைங்க தலையத் தொடைங்க."

கூட்டத்தில் சிலர் ஊளையிட்டார்கள். வீடியோ அந்த இடத்தோடு முடிகிறது. அதுவும் ஊரைச் சுற்றியது.

வீட்டுக்கு வந்து மகளுக்குத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். அவள் பயந்த மாதிரியே இல்லை. வேன் கால்வாய்ப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் நின்றுவிட்டதாம். டிரைவர் மாமா போன் தண்ணீரில் விழுந்துவிட்டதாம். எல்லாரையும் சீட்டு மேல் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தாராம்.

"பெரிய மிஸ் பாலத்துக் கைப்பிடிச் சுவர்ல ஏறி நின்னுட்டு இருந்தாங்கப்பா. மழைல ரோடே தெரியாதுல்ல, ரொம்ப நேரமா பாத்துட்டே இருந்தாங்களாம். எங்க லைட்டப் பாத்ததும் குடைய ஆட்டி ஆட்டி, தெரியுது, தெரியுதுன்னு கத்தினாங்க. அப்பறம் போன எடுத்து எடுத்துப் பாத்தாங்க, அதுக்குள்ள சிக்னலே போயிடுச்சாம். மிஸ் கத்தி இன்னைக்குத்தான் கேட்டேன்."

துண்டோடு என் கை அவள் தலையிலேயே நின்றுவிட்டது.

தெரியுது. வேன் தெரியுது. வேன் இன்னும் தெரியல.

அவர் எங்கேயோ நாற்காலியில் உட்கார்ந்து கையை விரித்து எழுதிய வரி அல்ல அது. மழையில், சுவர்மேல் நின்று, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி எழுதியது. வேன் இன்னும் கண்ணில் படவில்லை, பட்டதும் சொல்கிறேன். பிறந்ததிலிருந்து பேசுகிற மொழி எனக்கு. பஸ் வருதா என்று கேட்டால் இன்னும் தெரியல என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. பாய்க்கும் தோன்றவில்லை, அவரும் தெரியாது என்றுதான் படித்திருக்கிறார். அப்படிப் படித்துவிட்டுத்தான் கேன்களை இறக்கிப்போட்டுவிட்டு, மேடத்தைத் தேடி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பாலத்துக்குப் போகிறேன், குழுவில் போட்டுவிடுங்கள் என்று மேடம் கிளார்க்கிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறார். கிளார்க் அதை எழுதுவதற்குள் போன்கள் வந்தன, கூட்டம் வந்தது, நான் வந்தேன். கீழ்த்தளத்து ஆசிரியை இதை மறுநாள் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிரவு, அவர் சொன்னதன் அர்த்தம் வேறு, நான் தவறாகப் படித்துவிட்டேன் என்று எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். கடைசியில் எல்லாக் குழுக்களிலும் நான் போட்டது, "பிள்ளைகள் பத்திரமாக வந்துவிட்டார்கள், நன்றி" என்பது மட்டும்தான். கும்பிடுகிற கை ஒன்றும் சேர்த்தேன்.

தாளாளர் பெற்றோர் கூட்டம் கூட்டினார். பள்ளியின் பெயர் கெட்டுவிட்டது, அந்த அம்மாளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதுதான் விஷயம் என்று வருவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். ஒரு வரி போதும், நான் எழுந்து சொன்னால் போதும் என்று வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பொறுப்பில்லாத பதில் என்றார் ஒருவர். தலைமையில் இருப்பவர் தெரியாது என்று சொல்லலாமா, தைரியம் சொல்ல வேண்டாமா என்றார் இன்னொருவர். பாய் எழுந்து அவருக்குத் தெரிந்த மாதிரி பேசினார். தண்ணி கேன் போடுகிறவரிடம் பள்ளிக்கூடம் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, சிரித்தார்கள். பாய் சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"அந்த போட்டோவ எடுத்துப் போட்ட சார் வந்துகீறாரா? வந்திருந்தா அவரு பேசட்டும். நான் குந்திக்கிறேன்."

கேட்டது பொதுவாக. பார்த்தது என்னை. என் மகளைத் தன் வண்டியில் கொண்டுவந்து சேர்த்தவர். நான் போனை எடுத்து ஏதோ செய்தி வந்த மாதிரி பார்த்துக்கொண்டேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மேடத்தை விளக்கம் கேட்டார் தாளாளர். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவர் சொல்லியிருக்கலாம், நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. "நான் எங்க நிக்கிறேன்னு நானே ஒரு வரி போட்டிருக்கணும். பயந்துபோயிருக்கறவங்களுக்கு அதுதான் மொதல்ல வேணும். போடாதது என் தப்பு" என்றார். தப்பை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த மாதக் கடைசியோடு அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். குழு மூடப்பட்டது, பதில் எழுத முடியாத ஒரு அறிவிப்புப் பக்கம் வந்தது. பாய் எங்கள் வீட்டுக்குக் கேன் போடுவதை நிறுத்தவில்லை. கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலிக் கேனை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கதை சொல்வது நின்றுபோனது.

மேடத்தின் கடைசிச் சனிக்கிழமை நான் போனேன். சைக்கிள் ஷெட்டுக்குப் பக்கத்தில் இரண்டு நாற்காலியும் இருந்தன, ஆள் இல்லை. முன்பெல்லாம் வரிசை நிற்கும் இடத்தில் நான் மட்டும். உட்காரத் தோன்றவில்லை. கொய்யாக்காய் வண்டிக்காரர், மேடம் யாரோ ஒரு டீச்சரோடு மேலே பேசிக்கொண்டிருக்கிறார், வருவார் என்றார். திரும்பிப் போய்விடலாம் என்று கேட் வரைக்கும் நடந்தேன். திரும்பி வந்தேன்.

வந்தார். புதுக் குடை. என்னைப் பார்த்ததும் எதிர் நாற்காலியைக் காட்டினார், போனை மடியில் கவிழ்த்துவைத்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். படம் எடுத்தது, பெயர் தெரிகிறபடி எடுத்தது, வாசலில் தலையாட்டியது, துண்டோடு நின்றது, கூட்டத்தில் போனைப் பார்த்தது. குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும் ஒன்று கேட்டார்.

"அன்னைக்கு எந்திரிக்கணும்னு நெனச்சீங்களா, இல்ல இப்ப தோணுதா?"

நினைத்தேன் என்றேன். எந்த இடத்தில் கால் வரவில்லை என்று கேட்டார். எல்லாரும் சிரித்தபோது என்றேன். தலையை மெல்ல ஆட்டினார், ஒரு ஆசிரியையின் வகுப்பைப் பற்றிக் கேட்டுக்கொள்கிற மாதிரி.

கடைசியில் கேட்டேன். "என்னை மன்னிச்சிட்டீங்களா மேடம்?"

அவர் சைக்கிள் ஷெட்டைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். தோள் குலுங்கவில்லை.

"தெரியல சார்" என்றார். "தெரிஞ்சதும் சொல்றேன்."